தங்கவயலுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு: சனி இரவு முதல் திங்கள் விடியல் வரை

கோலார் தங்கவயலுக்குக் காரில் வராதீர்கள். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுதான், சாலையும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வராதீர்கள். காரில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். நேரே சைனைடு மேட்டுக்கு, அதாவது சுரங்கக் கழிவு குவிந்த மலைக்குப் போய் நாலு படம் எடுக்கிறார்கள், கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு போடுகிறார்கள், "பாழடைந்து கிடக்கிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுகிறார்கள். என் அக்காள் மாப்பிள்ளையின் நண்பர்கள் நான்கு பேர் போன வருடம் இப்படித்தான் வந்து போனார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "சினிமாவில் பார்த்த மாதிரியே இல்லையே அங்கிள்" என்று என்னிடம் குறைப்பட்டார்கள். நான் என்ன செய்வது?

நான் இந்த ஊர்க்காரன். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். அப்பா சாம்பியன் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர். பாறை தலையில் இறங்காமல் மரக்கட்டைகளை அடுக்கித் தாங்க வைப்பது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மறு வருடம் நான் பெங்களூரில் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதப் போனேன். அன்றிலிருந்து விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பின் இறங்குகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் வாழ்க்கை. அதனால்தான் சொல்கிறேன், இந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலிலிருந்து தொடங்குங்கள்.

சனிக்கிழமை மாலை பெங்களூரில் மாரிக்குப்பம் போகும் ரயிலைப் பிடியுங்கள். நேரம் அவ்வப்போது மாறும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண டிக்கெட் போதும், முன்பதிவு என்ற பேச்சே கிடையாது. இருக்கை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வைட்ஃபீல்டு தாண்டும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கும், மாலூர் தாண்டினால் இரண்டு காலும் தரையில் படும். முழங்கால்களின் மேல் ஒரு பையைக் குறுக்கே வைத்து நான்கு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பைதான் மேசை. அதன் மேல் கை வைக்காதீர்கள். மார்கழி, தை மாதத்தில் வந்தால் பெண்கள் பெட்டியிலிருந்து ஒரு பச்சை வாசனை வரும். ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கடைவேலை முடித்து வருகிற பெண்கள் மடியில் கொட்டிப் பிதுக்கிக்கொண்டு வருவார்கள். பங்காருப்பேட்டை வருவதற்குள் ஒரு கிலோ பிதுக்குப் பருப்பு தயாராகிவிடும். வீட்டுக்குப் போனதும் குழம்பு வைக்க வேண்டுமே.

பங்காருப்பேட்டையில் பாதி ரயில் காலியாகும். சென்னையிலிருந்து வருகிறவர்களும் இங்கேதான் இறங்கி மாற வேண்டும். இதற்கு மேல் நம் ஊருக்கென்றே 1894இல் போட்ட கிளைப்பாதை. கொரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம். அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. விடுதிகள் இருக்கிற ராபர்ட்சன்பேட்டையில் தங்குவதற்கு, உரிகத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். தங்கும் விடுதிகள் சிறியவை, சுமாரானவை. வெந்நீர் உண்டா என்று அறையைப் பார்ப்பதற்கு முன்பே கேளுங்கள். ஆடியிலிருந்து மாசி வரை இங்கே இரவு குளிரும். ஒரு போர்வை கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை என் பெரியப்பா மகனை ஒரு விடுதியில் தங்க வைத்தேன். காலையில் வாளித் தண்ணீரில் தவளை இருந்தது என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

இருட்டில் வந்து இறங்குவதால் மேடு எதுவும் கண்ணில் படாது. அதுவும் நல்லதற்குத்தான்.

ஞாயிறு காலை

ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் காற்று கிளம்பும், காற்று கிளம்பினால் தூசி. சாம்பியன் பக்கம் ஆட்டோவில் போய் இறங்கி, நடக்க ஆரம்பியுங்கள். சாப்டுகளின், அதாவது சுரங்கத்துக்குள் நேர்கீழே இறங்குகிற குழிகளின் மேல் நிற்கிற இரும்புக் கோபுரங்கள் சாலையிலிருந்தே தெரியும். மேலே சக்கரம், அதில் ஒரு காலத்தில் கூண்டைத் தூக்கி இறக்கிய கம்பிவடம் ஓடியது. சாப்டு என்றுதான் நாங்கள் சொல்வோம்; சுரங்கம் என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். "மைன்ஸ்" என்றால் சரி.

இனி முக்கியமான ஒன்று. வேலிக்குள் போகாதீர்கள். உள்ளே இறங்கிப் பார்க்க எந்த வழியும் இல்லை. யாராவது "நான் கூட்டிப் போகிறேன்" என்று காசு கேட்டால் நம்பாதீர்கள். தண்ணீர் இறைக்கிற பம்புகளை நிறுத்திய பிறகு அடியில் தண்ணீர் நிரம்பிவிட்டது. மேலே பழைய குழிகள் புதரில் மறைந்து கிடக்கின்றன. என் தம்பி மகன் ஒருவன் கிழிந்த வேலிக்குள் நுழைந்து கோபுரத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளப் போய், காவலாளியிடம் மாட்டி, இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தான். செல்பேசியிலிருந்த படங்களையெல்லாம் அழித்த பிறகே விட்டார்கள். தப்பு இவன் மேல்தான்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் என்ன தெரியும்? ஒரு துருப்பிடித்த கோபுரம், அவ்வளவுதான். அதனால் நிற்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலடியில் சாம்பியன் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் 60 டிகிரிக்கு மேல் சுடும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். அப்பா வேலைக்குப் போகும்போது சட்டையை மடித்து மேலேயே வைத்துவிட்டுப் போவார். எவ்வளவோ ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். அப்போது எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அம்மா கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். எதிர்வீட்டு அம்மாளும் வந்து நிற்பாள். யாரும் பேசமாட்டார்கள். தெருக்கோடியில் யாராவது ஓடி வருகிறார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். பாறையின் இந்தக் குணத்தைப் படிக்கவே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தை இங்கே அமைத்தார்கள்.

இன்னொன்றையும் இதே இடத்தில் நின்று நினைத்துப் பாருங்கள். நியூட்ரினோ என்ற துகள் உண்டல்லவா, அண்டவெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கிற வகை. அதை உலகத்தில் முதன்முதலாகப் பிடித்த இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம், 1965இல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்திருந்தார்கள். மற்ற கதிர்களையெல்லாம் தலைக்குமேல் இருக்கிற பாறை வடிகட்டிவிடும், அதுதான் காரணம். அப்பா இதை வேறுவிதமாகச் சொல்வார்: "வானத்திலிருந்து வருவதைப் பிடிக்க இவர்கள் பாதாளத்துக்கு இறங்குகிறார்கள், நமக்குத்தான் பைத்தியம் என்று நினைத்தேன்." கூண்டில் அவர்களோடு இறங்கியிருக்கிறார். நல்ல மனிதர்கள், ஆனால் சட்டையைக் கழற்றக் கூச்சப்படுவார்கள் என்பார்.

அங்கிருந்து தொழிலாளர் லைன்களுக்கு நடந்து போங்கள். வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள், தகர வீடுகள், ஒன்றின் சுவரே மற்றொன்றுக்கும் சுவர். தொடக்க காலத்தில் மூங்கில் தட்டியால் கட்டிய வீடுகள் இருந்தன. தட்டி வீடு என்று பாட்டி சொல்வாள். சுரங்கம் உச்சத்தில் இருந்த காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள்தான் பெரும்பகுதி, அதிலும் பெரும்பாலோர் ஊரில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத தலித் மக்கள். எனவே கர்நாடகத்தில் இருந்தாலும் இங்கே உங்களுக்குத் தமிழ் போதும். டீக்கடையில் தமிழ், மாதா கோயில் பூசையில் தமிழ், சண்டையிலும் தமிழ்.

இந்த லைன்களில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் இந்தக் குறிப்பிலேயே எனக்கு முக்கியம். திறந்த வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஓட்டை விழுந்த கூரையைப் படமெடுத்து "காலம் தின்ற நகரம்" என்று எழுதி இணையத்தில் போடுகிறார்கள். அந்தக் கூரையின் கீழே ஒரு பெண் பத்தாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள். "ஐயா, நீங்கள் எந்த சாப்டு?" என்று கேளுங்கள். "தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவர் பார்த்தது கறுத்த பாறையில் ஓடுகிற வெள்ளைப் பளிங்குக்கல் கீற்று. அதில் தங்கம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிர்ஷ்டம். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, மூடும் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. மூன்று கிலோமீட்டர் கீழிருந்து ஒரு டன் கல்லைத் தூக்கி வந்து, இடித்து, அரைத்து, கரைத்து, ஒரு மூக்குத்தி அளவு எடுத்தால் எந்தக் கணக்கு தேறும்? நான் கணக்கெழுதுகிறவன், எனக்கே புரிகிறது. ஆனாலும் 2001இல் வெளியே வந்த மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியவில்லை.

பெரியவரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: டோக்கன் எண். கீழே இறங்குமுன் ஆளுக்கொரு பித்தளை வில்லை. ஏறி வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாட்டும் பலகையில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் நினைவு தடுமாறியது. என் பெயரையே தம்பி பெயரோடு குழப்புவார். டோக்கன் எண்ணைக் கேட்டால் மட்டும் படுத்தபடியே நான்கு இலக்கத்தையும் சொல்வார், பிறகு கையை நீட்டுவார், வில்லையை வாங்குவதற்கு.

சாம்பியனிலேயே இன்னொரு வரலாறும் இருக்கிறது, சுற்றுலா வருகிறவர்கள் பார்க்காமலே போய்விடுகிறார்கள். தலித் மக்களிடையே பௌத்தத்தைப் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழைத் தாங்கிப் பிடித்ததில் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் ஜி. அப்பாதுரையார் அதை இங்கிருந்தே நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளைச் சிறுநூல்களாகப் போட்டு விற்றதும் இங்கே இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பூமிக்கு அடியில் எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு வந்து, மாலையில் பௌத்தம் பற்றிச் சொற்பொழிவு கேட்டவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். 1954இல் அம்பேத்கர் வந்தபோது தாத்தா அப்பாவைத் தோளில் தூக்கிப் போனாராம். அப்பாவுக்கு நினைவில் நின்றது கூட்டம் மட்டுமே. சாம்பியனில் புத்த விகாரை எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சிறிய இடம்தான், செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சந்தை, சாப்பாடு, வெள்ளைக்காரன் வீடு

பத்து மணிக்கு மேல் ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டுக்குத் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தினமும் ரயிலில் போய் வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். வாரம் முழுவதற்கும் காய்கறி வாங்குகிற ஒரே நாள். நேற்று சீட்டாடியவரை இன்று முருங்கைக்காய்க் கட்டோடு பார்க்கலாம். தலையசையுங்கள், அவரும் அசைப்பார். டிபனுக்குப் பெரிய பெயர்ப்பலகை தேட வேண்டாம், கூட்டம் நிற்கிற தோசைக்கல் எங்கே இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். மதியத்துக்கு பிரியாணி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் எந்த வேலையிருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள். தேங்காய்ப்பால் சாதமும் உருண்டைக் குழம்பும் வைப்பார்கள். கொத்துக்கறியை உருட்டிப் போட்ட குழம்பு. கடையில் அது கிடைப்பதில்லை.

சாப்பிட்டுவிட்டு உரிகம் பக்கம் பங்களாக்களைப் பாருங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேட்டில் ஓட்டுச் சரிவும் புகைபோக்கியும் வைத்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். பள்ளத்தில் தட்டி வீடுகள். குட்டி இங்கிலாந்து என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெருமை கிடையாது. பாட்டி அந்தப் பங்களா ஒன்றில் பாத்திரம் துலக்கியவள், பின்வாசல் வழியாக மட்டும் போய் வந்தவள். கிளப் உறுப்பினர்களுக்கானது, வாசலில் நின்று பார்க்கலாம். மின்சாரக் கதை மட்டும் எனக்கும் பெருமைதான். சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902 ஜூன் 30ஆம் தேதி இங்கே மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905இல். அலுவலகத்தில் யாராவது எங்கள் ஊரைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் இதைத்தான் எடுத்து விடுவேன்.

சுரங்க மருத்துவமனைக் கட்டடத்தையும் வெளியிலிருந்து பாருங்கள். சுரங்கத்தோடு அதுவும் மூடிக்கொண்டது. ஏறத்தாழ இருபது வருடம் பூட்டிக் கிடந்ததை, 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஊர் இளைஞர்கள் இறங்கிக் கழுவித் துடைத்துப் படுக்கை போட்டார்கள். நானும் இரண்டு ஞாயிறு போனேன். பிரசவ வார்டு என்று நினைக்கிறேன், சுவரில் படிந்திருந்த தூசியைத் துடைத்தபோது கீழே பச்சை வண்ணம் புதிது போல இருந்தது. என் வயதுக்காரர்கள் பலரும் பிறந்த இடம் அது. துடைப்பத்தோடு நின்றவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மேடு

நான்கரை மணிக்கு மேல், காற்று அடங்கியிருந்தால் மட்டும், சைனைடு மேட்டுக்குப் போங்கள். அரைத்த பாறைமாவில் சைனைடு கரைசலை விட்டுத் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய சேற்றை நூற்றாண்டுக்கு மேல் கொட்டிக் கொட்டி உண்டான மலைகள் இவை. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். வெளுத்த சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். மழை அறுத்த பள்ளங்கள் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கும், கிழவியின் கழுத்து மாதிரி. மாலை வெயிலில் அழகுதான், மறுக்கவில்லை. சினிமாக்காரர்கள் சும்மாவா வருகிறார்கள்?

பெயரைக் கேட்டு, தொட்டால் செத்துப்போவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சைனைடு வெயிலில் நாளாவட்டத்தில் சிதைந்துவிடும். இங்கே ஆபத்து தூசி. மாவுபோல் நைந்த கல்தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. அடியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தூள் என்ன செய்தது என்று இந்த ஊரில் இருமலைக் கேட்டாலே தெரியும். எனவே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளை மேலே ஏற்றாதீர்கள், அடிவாரத்தில் தேங்கிய தண்ணீரில் கை வைக்காதீர்கள், விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். உறுதியாகத் தெரியும் விளிம்பு திடீரெனச் சரியும். இத்தனையும் சொல்கிற நான் சிறுவயதில் அட்டைப்பெட்டியைக் கிழித்து உட்கார்ந்து இதே மேட்டில் சறுக்கியவன். வீட்டுக்குப் போனால் புருவம்வரை வெள்ளையாக இருக்கும். அம்மா முதலில் அடிப்பாள், பிறகு குளிப்பாட்டுவாள்.

இந்த மேடுகளில் இன்னும் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2024இல், 13 மேடுகளைத் திரும்பத் தோண்டி எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்றைக்கு ரயிலில் வேறு பேச்சே இல்லை. வேலை வரும் என்றார் ஒருவர், தூசிதான் வரும் என்றார் இன்னொருவர். சீட்டு கலைத்துக்கொண்டிருந்தவர், "முதலில் ஆட்டத்தைப் போடுங்கள்" என்றார்.

நேரம் மிச்சமிருந்தால் பேத்தமங்கலம் ஏரிக்குப் போங்கள். பாலாற்றின் தண்ணீர் அது, ஊருக்கும் சுரங்கத்துக்கும் குடிநீர் கொடுத்தது. வாணியம்பாடியிலும் வேலூரிலும் மணலாகப் பார்த்த பாலாற்றை இங்கே தண்ணீராகப் பார்க்கலாம், மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால். கோடிலிங்கேஸ்வரர் கோயில் அதே திசையில் கம்மசந்திரத்தில் இருக்கிறது: 108 அடி லிங்கம், சுற்றிலும் எண்ண முடியாத லிங்கங்கள். என் மனைவிக்குப் பிடிக்கும், எனக்குக் கூட்டம் ஆகாது. கல் மேல் ஆசை உள்ளவர்கள் பெத்தபள்ளிக்குப் போகலாம். எரிமலைக் குழம்பும் சிதறலும் உறைந்த பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது வெறும் பாறை.

இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். விடுதியில் கணக்கை இரவே தீர்த்துவிட்டு, ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி, விடியலில் வரச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாகக் கொடுங்கள், அந்த நேரத்தில் யாரிடமும் மாற்று இருக்காது.

திங்கள் விடியல்

எந்த ரயிலானாலும் முதல் ரயிலாகப் பாருங்கள். உரிகத்தில் ஏறாதீர்கள், இரண்டு நிலையம் பின்னால் மாரிக்குப்பத்துக்கே போய்விடுங்கள். இருட்டு இன்னும் விலகியிருக்காது. லைன்களில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கும், பிறகு சந்து சந்தாக ஆட்கள் வந்து சாலையில் சேர்வார்கள். தோளில் பை, கையில் சாப்பாட்டு அடுக்கு, தலையில் குளிருக்குக் கட்டிய துண்டு. யாரும் பேசமாட்டார்கள், செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் காலத்தில் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் இப்படித்தான் போவார்களாம், இதே சாலையில், எதிர்த்திசையில். அம்மா இன்றும் நான் கிளம்பும்போது "ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதா?" என்றுதான் கேட்கிறாள். திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

மாரிக்குப்பத்தில் ரயில் காலியாக நிற்கும், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று தோன்றும். உட்காருங்கள். ஆனால் முன்னிருந்து மூன்றாவது பெட்டியில், கதவை ஒட்டிய ஜன்னலோரம் ஒரு மஞ்சள் பை கிடந்தால் அதை நகர்த்த வேண்டாம். அதை அங்கே போட்டவர் உள்ளே வேறெங்கோ டீ குடித்துக்கொண்டிருப்பார். இடம் அவருக்கல்ல, கொரமண்டலில் ஏறப்போகிற ஒரு அம்மாளுக்கு. முழங்கால் வலி, நின்று வர முடியாது. பெங்களூர்வரை அவர் தூங்குவார். கண்டோன்மென்ட் வந்ததும் எழுப்ப வேண்டியது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பொறுப்பு. நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால், நீங்கள்தான்.